ஓய்வெடுத்தால் எப்படி?

ஆராய்ச்சிக்கூடத்திற்கு வந்திருந்த முதிய ஜப்பானியப் பேராசிரியர் காய்ச்சலோடு இரவிலும் உழைத்துக்கொண்டிருந்தார். மாலை வகுப்பில் கற்ற ஜப்பானியத்தைக் காட்ட நல்ல தருணம்! "யசுந்த ஹோகா ஈ தெசு" என்றேன். 'ஓய்வெடுப்பதே நல்லது' என்று பொருள். அவர் புன்னகை சட்டென மறைந்தது.

கேள்விப்பட்ட என் ஆசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். 'கேளாவிட்டால் கெடுதல்' என்ற எச்சரிக்கை அத்தொடரில் ஒளிந்திருக்கிறதாம். மருத்துவர் சொல்லலாம், மாணவன் சொல்லலாமா? "யசுந்தரா இககா தெசுகா" என்று கேட்டிருக்கலாம். அதாவது, 'ஓய்வெடுத்தால் எப்படி?'

வியப்பைப் பாருங்கள், நண்பர்களே! நம் 'எடுத்தால்', அவர்கள் 'யசுந்தரா' இரண்டுமே இறந்தகால வடிவின்மேல் எழுந்தவை.

சென்ற மாதம் ஊரிலுள்ள அப்பாவிடம், "கடையை மூடிவிடுவதே நல்லது" என்று தொலைபேசியில் சொன்னேன். அன்றுமுதல் அம்மாதான் பேசுகிறார். இன்றிரவு அப்பாவை அழைத்து, வேறு விதமாகக் கேட்க வேண்டும்.