விபரம் வழங்கப்பட்டுள்ளது

"சனிக்கிழமை கிளினிக்குக்குப் போகவேணும், நீயும் வா" என்று அக்கா சொன்னபோது நான் ஆஸ்பத்திரியைத்தான் நினைத்தேன். சின்னவனுக்குத் திரும்பவும் காய்ச்சலாக்கும் என்று. போய் இறங்கினால் அது ஒரு சமூக மண்டபம். முன்னறையில் பிளாஸ்ரிக் கதிரைகள், பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோருடைய மடியிலும் ஒரு கடித உறை. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர் டொக்டர் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர். அயர்லாந்தில் உறுப்பினர்கள் தங்கள் தொகுதி ஆட்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்துக்குப் பெயரே கிளினிக்தான். யோசித்துப் பார்த்தால் பெயரில் பிழையில்லை. எல்லோரும் வருத்தத்தோடதான் வந்திருந்தார்கள்.

அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். நான் படிக்க வந்த வருடம் முழுக்க அவவின் வீட்டுச் சின்ன அறையில்தான் இருந்தேன். அவவின் மகனுக்கு ஒரு அரச சேவையில் இடம் கிடைக்கவேண்டியிருந்தது. என்ன சேவை, எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, அது அவனுடைய விஷயம். விண்ணப்பம் கொடுத்து ஒன்றரை வருடம். ஒவ்வொரு மாதமும் அக்கா தொலைபேசியில் எடுப்பா, பட்டியலில் இருக்கிறீர்கள் என்று பதில் வரும். பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டால் அது மட்டும் சொல்ல மாட்டார்கள்.

உள்ளே போகமுதல் அக்காவுக்குச் சரியான பயம். "எனக்கு வோட்டும் இல்ல, இந்த மனுசன் ஏன் எனக்குச் செய்யப்போறார்?" அது உண்மைதான். குடியுரிமை இல்லாதவர்கள் அங்கே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், நாடாளுமன்றத் தேர்தலில் (பிரித்தானியக் குடிமக்கள் தவிர) முடியாது. அந்த மனுசன் வோட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை. பெயர், முகவரி, பிள்ளையின் பிறந்த திகதி, கடிதத்தின் இலக்கம் எல்லாவற்றையும் எழுதி எடுத்தார். பிறகு "நான் ஒரு கேள்வி போடுறன்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஐந்து நிமிஷம்கூட இல்லை. வெளியில் வந்து அக்கா கேட்டது: "கேள்வி போட்டா என்ன வரும்?" எனக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அந்தப் பதிவுகளை வாசிக்கத் தொடங்கினேன். அயர்லாந்தின் கீழ்ச்சபையை டோல் என்கிறார்கள், உறுப்பினரை ரி.டி. என்கிறார்கள். 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு மொத்தம் 174 பேர். இவர்கள் அமைச்சர்களிடம் வாய்மூலமும் கேட்கலாம், எழுத்திலும் கேட்கலாம். வாய்மூலக் கேள்விக்கு அமைச்சர்கள் முறைவைத்து வருவார்கள், எந்தக் கேள்வி முதலில் வரும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். எழுத்துமூலக் கேள்விகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. வருடத்துக்குப் பல்லாயிரக்கணக்கில் போடுகிறார்கள். கேள்வியும் பதிலும் ஒவ்வொன்றும் சபையின் அதிகாரபூர்வப் பதிவில் அச்சாகிறது.

இரண்டு கிழமை கழித்து அக்காவின் கேள்வியைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு வசனம். டப்ளினில் உள்ள ஒருவருக்கு, அடைப்புக்குறிக்குள் விபரம் வழங்கப்பட்டுள்ளது, அந்தச் சேவை எப்போது கிடைக்கும் என்றும், இவ்விடயம் பற்றி அமைச்சர் அறிக்கை விடுவாரா என்றும் கேட்டிருந்தது. பெயர் இல்லை. வயது இல்லை. அக்கா அந்த வசனத்தை மூன்றுதரம் வாசித்துவிட்டு, "இது எங்கட பிள்ளைதானா?" என்றா. கேள்வி இலக்கத்தை ரி.டி.யின் காரியாலயம் அனுப்பிய மின்னஞ்சலோடு ஒப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் நம்பினா. அத்தான் சொன்னார், நாடாளுமன்றத்தில பேர் வராமல் வந்த முதல் ஆள் இவன்தான் என்று. அவர் பிழை. அந்தப் பக்கம் முழுக்க அப்படிப்பட்ட ஆட்கள்தான் இருந்தார்கள். கெரியில் ஒருவர், மேயோவில் ஒருவர், கோர்க்கில் ஒருவர், விபரம் வழங்கப்பட்டுள்ளது, விபரம் வழங்கப்பட்டுள்ளது.

எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. இரவில் ஆய்வுக்கட்டுரைக்கு வாசிக்கவேண்டியதை விட்டுவிட்டு இதை வாசிப்பேன். ஒரு நாட்டை விளங்கிக்கொள்ள அதன் வரலாற்றுப் புத்தகத்தைவிட இது நல்லது என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன் (கட்டுரைக்குக் கிடைத்த புள்ளியைப் பார்த்தபிறகு அப்படி நினைக்கவில்லை). செப்டெம்பர் மாதம் என்றால் பள்ளிக்கூட பஸ். 1967இல் இலவச இடைநிலைக் கல்வியோடு தொடங்கின திட்டம் அது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளை 3.2 கிலோமீற்றருக்கும், பெரிய பிள்ளை 4.8 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கவேண்டும், அதுவும் மிக அருகிலுள்ள பள்ளிக்குத்தான் என்று நீண்ட காலம் விதி. 2022இல் விலைவாசி ஏறியபோது அரசாங்கம் அந்த வருடத்துக்குக் கட்டணத்தை நீக்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் விண்ணப்பங்கள் குவிந்து, அதே வீதியில் அண்ணனுக்கு இடம் கிடைத்துத் தம்பிக்குக் கிடைக்காத கதைகள் சபைக்கு வந்தன. அதே வருடம் பாஸ்போர்ட். கொரோனாவுக்குப் பிறகு நாடே பறக்க வெளிக்கிட்டது, பத்து லட்சத்துக்கு மேல் பாஸ்போர்ட் விநியோகித்தார்கள், அப்படியிருந்தும் குழந்தையின் முதல் பாஸ்போர்ட் வராமல் பயணத்தை விட்டவர்களின் கேள்விகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

பதில்களைப் பற்றிச் சொல்லவேண்டும். சில பதில்கள் மனப்பாடமாகிவிட்டன. கிராமத்து வீதியில் குழி என்று கேட்டால், 1993ஆம் ஆண்டு வீதிகள் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அது உள்ளூர் சபையின் பொறுப்பு என்று வரும். அமைச்சர்கள் மாறினாலும் வசனம் மாறாது. சுகாதாரம் என்றால் இன்னும் சுருக்கம். 2005இலிருந்து ஆஸ்பத்திரிகளையும் மருத்துவ சேவைகளையும் நடத்துவது அமைச்சு இல்லை, சுகாதார சேவை நிறைவேற்றுச் சபை என்ற தனி அமைப்பு. ஆகவே இது சேவை சார்ந்த விடயம், உறுப்பினருக்கு நேரடியாகப் பதிலளிக்கும்படி அந்தச் சபைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரியில் முடியும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நூறாவது தரம் வாசிக்கும்போது வரவில்லை. மக்கள் தெரிவுசெய்த ஒருவர் கேட்கிறார், மக்களுக்குப் பொறுப்பான ஒருவர், என்னட்ட கேக்காதேங்கோ என்கிறார்.

கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்களிடமே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. எண்பதுகளின் முடிவில் மாட்டிறைச்சி ஏற்றுமதித் துறை பற்றியும் அதற்கு அரசு கொடுத்த காப்புறுதி பற்றியும் சபையில் பல கேள்விகள் எழுந்தன. மழுப்பல்தான் கிடைத்தது. 1991இல் விசாரணை மன்றம் அமைத்தார்கள், 1994இல்தான் அறிக்கை வந்தது. அதை நடத்திய நீதிபதி லியாம் ஹமில்ரன் நடுவில் ஒருதரம் சொன்னாராம், இங்கே பதில் சொல்கிற மாதிரி சபையில் சொல்லியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது, காசும் நேரமும் மிஞ்சியிருக்கும் என்று.

பதில் கிடைக்காத இடத்தில் சில ரி.டி.மார் பஸ் பிடித்தார்கள். கதை இல்லை, உண்மையான பஸ். கண்ணில் வெண்புரை, சத்திரசிகிச்சைக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு, வயதான சனம். கோர்க், கெரி பக்கத்துச் சுயேச்சைகளான மைக்கல் கொலின்ஸும் டனி ஹீலி-ரேயும் 2017 டிசம்பரிலிருந்து அவர்களை பஸ்ஸில் ஏற்றி, தீவின் தென் மூலையிலிருந்து வடக்கே பெல்பாஸ்டுக்குக் கொண்டுபோனார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இன்னொரு உறுப்பு நாட்டில் சிகிச்சை செய்து, செலவைத் தன் நாட்டிடம் திருப்பி வாங்கலாம். பிரெக்சிற்றுக்கு முதல் வட அயர்லாந்துக்கும் அது பொருந்தியது. பெல்பாஸ்டா குருடா என்றே அந்த பஸ்ஸுக்குப் பெயர். கண் தெரிந்து திரும்பி வந்தவர்கள் யாருக்கு வாக்களிப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

அங்கேதான் எனக்கு இடறுகிறது. 1963இலேயே பேசில் சப் என்ற அரசியல் அறிஞர், ஐரிஷ் உறுப்பினர்களின் முக்கிய வேலை சட்டம் இயற்றுவது இல்லை, அரச ஊழியர்களைப் போய்த் தொந்தரவு செய்வதுதான் என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 1976இல் போல் சாக்ஸ் என்பவர் டொனகோல் மாவட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இன்னும் கூர்மையாக ஒன்று சொன்னார், கற்பனைச் சலுகை. எப்படியும் கிடைக்கவேண்டிய ஒன்று கிடைக்கிறது, அரசியல்வாதி ஒரு கடிதம் போட்டு அதைத் தானே வாங்கித் தந்ததாக நம்பவைக்கிறார். ஒரே தொகுதியில் மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை தெரிவாகிற தேர்தல் முறையில், பக்கத்துக் கதிரைக்காரன் உங்கள் கட்சிக்காரனாக இருந்தாலும் போட்டியாளன்தான். ஆகவே எல்லோரும் கடிதம் போடுகிறார்கள்.

ஆனால் இதை வெறும் நாடகம் என்று தள்ளவும் என்னால் முடியவில்லை. 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் சைமன் ஹரிஸ், முதுகெலும்பு வளைவுள்ள எந்தப் பிள்ளையும் சத்திரசிகிச்சைக்கு நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்காது என்று வாக்குக் கொடுத்தார். அவர் பிறகு பிரதமராகவும் வந்துவிட்டார், பிள்ளைகள் இன்னும் காத்திருந்தார்கள். அந்த வாக்கை யாரும் மறக்கவில்லை என்றால், அதைத் திகதியோடு திரும்பத் திரும்பக் கேள்வியாகப் போட்டுக்கொண்டே இருந்தவர்களும் ஒரு காரணம். 2025 ஜனவரி 22, புதிய பிரதமராக மீஹால் மார்ட்டினைத் தெரிவுசெய்யக் கூடிய சபை கூச்சலில் குலைந்து, தெரிவு அடுத்த நாளுக்குப் போனது. சண்டை எதற்கு? அரசாங்கத்தை ஆதரிக்கிற சில சுயேச்சைகள் எதிர்க்கட்சியின் கேள்வி நேரத்தில் பங்கு கேட்டார்கள். கேள்வி கேட்கிற சில நிமிஷங்களுக்காக ஒரு நாட்டின் பிரதமர் தெரிவு ஒரு நாள் தள்ளிப்போகிறது என்றால், அந்த நிமிஷங்களுக்கு ஏதோ பெறுமதி இருக்கத்தானே வேணும்.

அக்காவுக்கு ஏழாவது கிழமை கடிதம் வந்தது. சந்திப்புத் திகதி, நேரம், எந்தக் கதவால் வரவேண்டும் என்பது வரை. மூன்று நாள் கழித்து ரி.டி.யிடமிருந்தும் ஒன்று, நான் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து என்று தொடங்கியது. அக்கா இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினா.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, கேள்வி போடாட்டியும் இது வந்திருக்குமோ? இல்லாட்டி எங்களுக்கு முன்னால நிண்ட ஒரு பிள்ளை பின்னால போயிட்டுதோ?"

அவ பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றா. திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்திருக்கும், வராமலும் விட்டிருக்கும். உனக்கு அது ஆராய்ச்சி. எனக்கு ஒன்றரை வருசம்."

முன்னால் நின்ற பிள்ளையைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எதிர்வீட்டுப் பிரேசில்காரியை அந்த மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. பெயர், முகவரி, கடித இலக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவரச் சொல்லி முதல் நாளே சொல்லியிருந்தா.