ஒரு போல்ட்டின் பூர்வீகம்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கிடைக்காத போல்ட் இல்லை என்பார்கள். நண்பர் ஒருவர் புதுப்பித்துக்கொண்டிருக்கும் எம்ஜி டிசி என்ற பழைய இங்கிலாந்துக் காரின் எஞ்சினிலிருந்து கழற்றிய போல்ட்டுக்கு அங்கே ஒரு கடையிலும் ஜோடி இல்லை. அந்த வண்டியின் நிமிர்ந்த ரேடியேட்டரையும் 19 அங்குலக் கம்பிச் சக்கரங்களையும் கொண்டாடப் பலர் உண்டு. எனக்கு அந்த போல்ட்டின் மேல்தான் கண்.

அதே ஊரில், பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் சேலத்துக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். போல்ட்டின் தலையில், இங்கிலாந்தின் பழைய அங்குல அளவான விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தது. தலை விட்வொர்த் என்றால் மரையும் விட்வொர்த்தாகத்தானே இருக்க வேண்டும்? அவர் மரைப் பற்களின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை விரித்து, போல்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தகடு தகடாக வைத்துப் பார்த்தார். அங்குலத் தகடு எதுவும் உட்காரவில்லை. மில்லிமீட்டர் தகடுகளில் 1.0 என்று பொறித்த ஒன்று மட்டும், நடுவில் துளி வெளிச்சம் தெரியாமல், பல்லோடு பல்லாகப் படிந்தது.

“தலைதான் சார் இங்கிலீஷ்காரன். உடம்பு வேற ஊரு.”

அந்த வேற ஊர் பிரான்ஸ். முதல் உலகப் போரின்போது அங்கே துப்பாக்கி, பீரங்கி செய்துகொண்டிருந்த ஹாட்ச்கிஸ் கம்பெனி, ஜெர்மன் படையிடம் தொழிற்சாலை பறிபோய்விடும் என்று பயந்து இங்கிலாந்தின் கவென்ட்ரியிலும் ஒன்றைத் தொடங்கியது. போர் முடிந்ததும் ஆயுத ஆர்டர் நின்றது. வில்லியம் மோரிஸின் கார்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தார்கள். 1923இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். உள்ளே இருந்த இயந்திரங்களோ பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை. அத்தனையையும் மாற்றக் கட்டுப்படியாகாது. இங்கிலாந்து மெக்கானிக்குகள் கையிலோ விட்வொர்த் ஸ்பேனர்தான். அதனால் மரை மில்லிமீட்டரில், தலை விட்வொர்த்தில் என்று முடிவானது. மோரிஸ் குழுமத்தில் இருந்த எம்ஜிக்கும் அதே வழக்கம் வந்து சேர்ந்தது. போர்ப் பயத்தில் கடல் தாண்டிய இயந்திரங்களின் அளவு, இன்னொரு உலகப் போருக்குப் பிறகு வந்த டிசியின் 1250 சிசி எஞ்சினிலும் அப்படியே நிற்கிறது. நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

பழைய வண்டியின் சரித்திரம் தேடுபவர்கள் முதலில் சேசிஸ் எண்ணைத் துடைத்துப் பார்ப்பார்கள். டிசியில் அதுவும் சுவையான சங்கதிதான். 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் செய்தார்கள்; எண் வரிசை 0251இல் தொடங்குகிறது. அபிங்டன் தொழிற்சாலையின் டெலிபோன் எண் 251! அடுத்தது ஆர்.சி. புத்தகம். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பெயர் மாற்றப் பக்கங்கள் சொல்லும். தேடல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. சொந்தக்காரர்களின் பெயரைத் தேடுகிற அக்கறையில் பாதியாவது வண்டியைச் செய்த இயந்திரங்களின் மேலும் இருக்கலாம் என்பது என் கட்சி.

சேலத்துக்காரரிடம் இருப்பது பழைய எச்எம்டி லேத். 1953இல் இதே பெங்களூரில் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. தலையின் அகலத்துக்கு ஏற்ற ஹெக்ஸ் ராடு கிடைக்காததால், பெரிய ராடை மில்லிங்கில் இழைத்துக்கொண்டார். பிறகு கியரை 1 மில்லிமீட்டர் பிட்சுக்கு மாற்றி, எண்ணெய் விட்டு, ஒரேயடியாக இறக்காமல் மெல்ல மெல்ல மரை வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பழைய நட்டைத் திருகிப் பார்த்தார். கடைசியில் அது விரல் நுனியாலேயே சுழன்று உள்ளே இறங்கியது.

இந்தப் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் பிட்ச் 1.25, பழையதோ 1.0. போல்ட் கிடைக்காத அவசரத்தில் துளையில் மரை வெட்டும் 1.25 டேப்பை விட்டு, எஞ்சின் பிளாக்கின் மரையையே அழித்துவிடுகிறார்கள். நண்பரின் எஞ்சினிலும் வேறொரு துளையில் யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துருப்பிடித்த போல்ட் என்று காயலான் கடைக்குப் போடாதீர்கள். அளவெடுக்க அதுதான் மாதிரி. துளையில் டேப் விடுவதற்கு முன் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.