சிரபுஞ்சியில் ஒரு குடம் தண்ணீர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை நான் வகுப்பில் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால், "உலகிலேயே அதிக மழை பெறும் இடம் சிரபுஞ்சி" என்பதாகத்தான் இருக்கும். பிறகு அந்தப் பெருமை பக்கத்திலேயே இருக்கும் மௌசின்ராமுக்குப் போனது. நானும் மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் மனதில் பதிந்தது சிரபுஞ்சிதான். எப்போதும் மேகம், எப்போதும் மழை, எங்கு பார்த்தாலும் அருவி. வகுப்பில் அப்படித்தான் வர்ணிப்பேன். பார்த்ததில்லை. பார்த்த மாதிரி சொல்வேன்.

மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு மழை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மற்ற ஊரில் மழை வந்தால் சந்தோஷம். இங்கே உப்பளம். மிதித்து மிதித்துப் பதப்படுத்திய பாத்தியில் உப்பு பூக்கும் நேரம் ஒரு மழை பெய்தால் போதும், எல்லாம் கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் வேலையே கிடையாது. அந்த மாதங்களில் மதிய உணவுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

1995 என்று நினைவு. ஏழாம் வகுப்பு. சிரபுஞ்சி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அப்பா, அம்மா இருவரும் உப்பு வாருகிறவர்கள்.

"அம்மாந்தண்ணியும் எங்க டீச்சர் போவுது?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை. "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். அதன் பிறகு என் வகுப்பில் அவன் கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை.

சென்ற ஆண்டு மகனுக்குக் கவுகாத்திக்கு மாற்றல் வந்தது. "அம்மா, நீங்க வாழ்நாள் பூரா சொன்ன சிரபுஞ்சி இங்கிருந்து பக்கம்தான்" என்றான். 2025 பிப்ரவரியில் நானும் கணவரும் கிளம்பினோம். இரண்டு குடை, இரண்டு மழைக்கோட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் செருப்பு. கணவர் கேலி செய்தார். நான் விடவில்லை.

ஷில்லாங்கைத் தாண்டி மேலே போகப் போக வெயில் சுள்ளென்று அடித்தது. புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. இந்தியாவிலேயே மிக உயரமான அருவிகளில் ஒன்று என்று சொல்லப்படும் நோகலிகாய், சுமார் 340 மீட்டர் உயரம். படத்தில் வெள்ளைத் திரை போல விழும். நாங்கள் பார்த்தது நூல் மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்பது போல ஏதோ சொல்லிவிட்டுச் சோளம் வாங்கப் போனது. எனக்கும் அதேதான் தோன்றியது. குடையை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

திரும்பும் வழியில்தான் அதைப் பார்த்தேன். சாலையோரம் ஒரு குழாய். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வரிசையாகக் குடங்கள், கேன்கள். ஒரு வயதான அம்மா தண்ணீர்க் கேனைக் கூடையில் வைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து மேடேறிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும்.

ஓட்டுநரிடம் மகன் மூலம் கேட்டேன். "குளிர்காலத்தில் இங்கே இப்படித்தான். தண்ணீரை விலைக்கும் வாங்குவோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை ஒரே ஆண்டில் 26,461 மில்லிமீட்டர் மழை பெய்து உலகச் சாதனை படைத்த ஊர். 1995 ஜூன் 15, 16 ஆகிய இரண்டே நாளில் 2,493 மி.மீ. பெய்த ஊர். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி ஆயிரத்தைக்கூடத் தொடாது. அந்த ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசை!

அன்றிரவு மகன் வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மேகங்கள் காசி மலையில் மோதிக் கொட்டித் தீர்க்கின்றன. ஆனால் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். மலையோ செங்குத்து. மண் மிக மெல்லியது, அடியில் சுண்ணாம்புப் பாறை. காடும் குறைந்துவிட்டது. பெய்த நீர் நிற்க இடமில்லாமல் சரிவில் ஓடி வங்கதேசத்துச் சில்ஹெட் சமவெளிக்குப் போய்விடுகிறது. "ஈரப் பாலைவனம்" என்றே அந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டாம்.

படித்துக்கொண்டே வந்தபோது சட்டென்று அந்தப் பையனின் குரல் கேட்டது. "அம்மாந்தண்ணியும் எங்க டீச்சர் போவுது?"

முப்பது வருடத்துக்குப் பிறகு எனக்குப் பதில் கிடைத்தது. சிரபுஞ்சியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை அவன்தான் கேட்டிருக்கிறான். நான் மழை அளவை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தேன்.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். இப்போது அவர் கொஞ்சம் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார். மாசிக் கடைசியில் ஒரு காலையில் அளத்துக்கே போனேன். என்னைப் பார்த்ததும் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். வரப்பில் உட்கார வைத்து டீ வாங்கி வரச் சொன்னார். தலை பாதி நரைத்துவிட்டது.

"ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன்" என்றேன். அவருக்கு நினைவே இல்லை. எல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

"நம்ம ஊரு மட்டும் இன்னா டீச்சர்? போன நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கிட்ட பெஞ்சிது. இங்க அளமெல்லாம் கடலா கெடந்துது. கழுவேலி ரொம்பி, எடையன்திட்டு வழியா எல்லாம் கடலுக்குப் போச்சி. சித்திர வந்தா எங்க வூட்ல கேன் தண்ணிதான்."

நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"அப்போ நான் அன்னிக்குக் கேட்டது சரிதானா டீச்சர்?"

"சரிதான்பா. உட்காருன்னு நான் சொன்னதுதான் தப்பு" என்றேன்.

சிரித்துவிட்டார். கிளம்பும்போது ஒரு பை நிறைய உப்பு கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சிரபுஞ்சி என்னை ஏமாற்றியது என்றுதான் முதலில் நான்கு பேரிடம் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. நான் போனது தவறான மாதம். அந்த ஊர் மழை பெய்வதாக ஒப்புக்கொண்டது ஜூனில்தான். பன்னிரண்டு மாதமும் பெய்யும் என்று வகுப்பில் சொன்னது நான்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால், "தெரியலை, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். என்னைப் போல முப்பது வருடம் இழுக்காதீர்கள்.

நீங்கள் ஆசை ஆசையாகப் போய் ஏமாந்த இடம் எது? கீழே எழுதுங்கள். அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு யார் என்ன சொல்லியிருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.