காது செய்த குற்றம் என்ன?

ஆங்கில பாஷையில் 'வீக்' என்றால் வாரம். 'வீக்' என்றால் பலவீனம். 'மீட்' என்றால் சந்திப்பது. 'மீட்' என்றால் மாமிசம். ஒலி ஒன்று, எழுத்து இரண்டு! இந்தப் பாஷையோடு நம் குழந்தைகள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தர்மபுரி ஜில்லாவில் எங்கள் அண்டை வீட்டுப் பையன் ஒருவன், ஒரு வாரம் விடுமுறை கேட்டு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினான். வாரம் இருக்கவேண்டிய இடத்தில் பலவீனம் வந்து உட்கார்ந்துவிட்டது. உரக்கப் படித்தால் பிழை தெரியாதல்லவா? ஆகையால் உபாத்தியாயர் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாராம். வகுப்பு முழுதும் சிரித்தது. அன்றுமுதல் பையன் ஆங்கில வகுப்பில் வாய் திறப்பதில்லை.

அவன் காது செய்த குற்றம் என்ன? அது சரியாகத்தான் கேட்டது. குற்றமெல்லாம் அந்தப் பாஷையின் சரித்திரத்தில் இருக்கிறது. 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தபோது, இரவைக் குறிக்கும் 'நைட்' வேறு, வீரனைக் குறிக்கும் 'நைட்' வேறு. வீரனுக்கு முன்னால் ஒரு 'க்' ஒலித்தது. பிற்பாடு நாக்கு அதை விட்டுவிட்டது, அச்சு விடவில்லை. மாவைக் குறிக்கும் சொல்லோ பூவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. அரைத்த தானியத்தில் மிக நேர்த்தியான பகுதியைப் 'பூ' என்றார்கள். ஒரே சொல்லைப் பின்னால் இரண்டு விதமாக எழுதத் தொடங்கினார்கள். இந்தக் கதைகளைச் சொல்லிக்கொடுத்தால் எந்தக் குழந்தை மறக்கும்?

1792-ல் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. ரீட் துரையும் மன்றோ துரையும் தர்மபுரிச் சீமைக்கு வந்து நிலவரியை ஒழுங்கு செய்தார்கள். துரைமார்கள் நம் ஊர்ப் பெயர்களைத் தங்கள் காதுக்கு எட்டியபடியே எழுதினார்கள். திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆயிற்று. யாராவது அவர்களைக் கரும்பலகைக்கு அழைத்தார்களா? பிழையைத் தேசப்படத்தில் அச்சிட்டு, நாமும் அப்படியே சொல்லப் பழகினோம்!

தமிழிலும் ஒலி மயக்கம் உண்டு. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிவிட்டு, "தமிழ்தானே!" என்று சமாதானம் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தவறினால் மட்டும் மானம் போய்விடுகிறது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு!

இரு பாஷைகளிலும் பிழையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்துவது வேறு, சிரிப்பது வேறு. அந்த இரண்டும் ஒலியில்கூட ஒன்றல்லவே!