சந்தா சேர்ந்த நாட்காட்டி

பந்தய அட்டவணை என்பது ஒரு காலத்தில் கத்தரிக்கோலோடு தொடர்புடைய பொருளாக இருந்தது. 1987ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடைபெற்றபோது, நாளிதழில் வந்த அட்டவணையைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைக்காத இளைஞர் எங்கள் தெருவில் குறைவு. ஆட்டம் முடிய முடிய, வென்றவர் பெயரைப் பேனாவால் குறித்துக்கொண்டே வருவோம். கல்கத்தாவில் ஆஸ்திரேலியா கோப்பையைக் கைப்பற்றிச் சென்று ஆண்டுகள் பல ஆன பின்னும் அந்தத் தாள் அங்கேயே மஞ்சளித்துக் கிடந்தது. அதன்மேல் எனக்கு இன்றும் ஒரு மதிப்பு உண்டு. ஆயினும் அதற்கு ஒரு குறை இருந்தது. அச்சான கணத்தோடு அதன் அறிவு நின்றுவிடும். நாளோ இடமோ மாறினால், அலமாரிக் கதவு அதை அறியாது.

இக்காலத்து வழி வேறு. துபாயில் பணிபுரியும் என் மகன், 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சில மாதங்கள் முன்னர், கைப்பேசிக்கு ஓர் இணைப்பை அனுப்பிவைத்தான். “வாப்பா, இதை ஒரு தரம் தொட்டுச் சேத்துக்குங்க. அப்புறம் நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றான். தொட்டேன். 64 ஆட்டங்களும் என் நாட்காட்டிச் செயலியில், அந்தந்த நாளில், அந்தந்த மணியில் வந்து அமர்ந்துகொண்டன.

இதற்குச் ‘சந்தா’ என்று பெயர் சொல்கிறார்கள். உருது வழியாக நம் தமிழில் குடியேறிய இச்சொல், பத்திரிகை வாங்கிப் படிக்கும் வீடுகளுக்கு நன்கு பழகியது. இதழுக்குப் பணம் கட்டுகிறோம். மாதந்தோறும் இதழ் வருகிறது. நாட்காட்டிச் சந்தாவில் பெரும்பாலும் பணம் இல்லை. நாம் கொடுப்பது அனுமதி. அட்டவணையை வெளியிடுவோர் திருத்துந்தோறும் அந்தத் திருத்தம் நம் நாட்காட்டிக்குள் தானே வந்து சேரலாம் என்னும் அனுமதி.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே அட்டவணையைக் கோப்பாக இறக்கிச் செயலியில் ஏற்றிக்கொள்ளவும் முடியும். அது படியெடுத்தல், அலமாரிக் கதவில் ஒட்டியதற்கு நிகர். வெளியிட்டவர் பிறகு எதை மாற்றினாலும் அந்தப் படி மாறாது. சந்தா என்பதோ அறுபடாத தொடர்பு. செயலி அவ்வப்போது மூல முகவரிக்குச் சென்று, மாற்றம் உண்டா என்று பார்த்து வரும். சில செயலிகள் இதற்குச் சில மணி நேரமும், சில ஏறத்தாழ ஒரு நாளும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கடைசி நேரத்தில் மழையால் தள்ளிப்போன ஆட்டத்துக்கு இதை நம்பியிருப்பது சரிப்படாது. அதற்கு வானொலியும் தொலைக்காட்சியும் இருக்கவே இருக்கின்றன.

இதன் உள்ளமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. ‘ஐகேலண்டர்’ எனப்படும் ஒரு பொது விதி 1998இல் வெளியிடப்பட்டு 2009இல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தலைப்பு, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகியவற்றை வெற்று எழுத்தாகவே எழுதி வைப்பதுதான் அந்த விதி. அவற்றோடு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் என்றும் மாறாத ஓர் அடையாளக் குறி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குறியே. வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் பிள்ளை அதே பிள்ளைதான் அல்லவா? அதுபோல, நாளும் அரங்கும் மாறினாலும் குறி மாறாதவரை, இது முன்பு இருந்த அதே ஆட்டம் என்று செயலி உணர்ந்து, பழைய கட்டத்தைப் புதிய நாளுக்கு நகர்த்திவிடும். குறியைப் பேணாத கவனக்குறைவான வெளியீட்டாளரிடம் சந்தா சேர்ந்தால், ஒரே ஆட்டம் இரண்டு நாட்களில் நின்று நம்மைக் குழப்பும்.

மாற்றங்கள் அரியவை என்று எண்ணிவிட வேண்டாம். 2022 உலகக் கோப்பையில் நவம்பர் 21ஆம் நாளுக்குக் குறித்திருந்த கத்தார் - ஈக்வடார் ஆட்டத்தை, போட்டியை நடத்தும் நாடே முதலில் ஆட வேண்டும் என்பதற்காக, ஆகஸ்ட் மாதத்தில் நவம்பர் 20க்கு முன்தள்ளினார்கள். 2023 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் அட்டவணை வெளிவந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில் ஒன்பது ஆட்டங்கள் மாறின. அகமதாபாத்தில் அக்டோபர் 15க்கு இருந்த இந்தியா - பாகிஸ்தான் ஆட்டம் 14க்கு வந்தது. நவராத்திரித் தொடக்கமும் பாதுகாப்பு ஏற்பாடும் காரணமாகச் சொல்லப்பட்டன. விடுதியும் இரயிலும் முன்பதிவு செய்திருந்தவர்கள் பட்ட பாடு வேறு. எங்கள் வீட்டு நாட்காட்டியில் அக்கட்டம் ஓசையின்றி ஒரு நாள் முன்னே நகர்ந்துவிட்டிருந்தது.

உறுதியற்ற தேதியோடு வாழ்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. கடைக்காரர் தரும் சுவர்நாட்காட்டியில் பெருநாளின் தேதி ஆண்டின் தொடக்கத்திலேயே அச்சாகிவிடுகிறது. ஆயினும் 29ஆம் நோன்பின் மஃரிபில் மேற்கு வானைப் பார்த்த பிறகுதான் உம்மாமார்கள் அடுப்பங்கரை வேலையை முடிவு செய்வார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டவணைக் கோப்பு நேரத்தைப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது; அவரவர் கைப்பேசி அதை அவரவர் ஊர் நேரமாக்கிக் காட்டுகிறது. 2022 டிசம்பர் 18இல் லுசைலில் நடந்த அர்ஜென்டினா - பிரான்சு இறுதி ஆட்டம் கோப்பில் பிற்பகல் 3 மணி. துபாயில் என் மகனுக்கு இரவு 7 மணி, எங்களுக்கு 8:30, கோலாலம்பூரில் என் தம்பிக்கு 11 மணி. மூன்று வீட்டிலும் எவரும் விரல்விட்டுக் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. ஆங்கில நாட்டுக் கால்பந்தில் பித்துக்கொண்ட என் பேரனுக்கோ வேறொரு சிக்கல். அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே கோடையில் இரவு 7:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் 8:30. நாட்காட்டி இதையும் பார்த்துக்கொள்கிறது.

பிரிந்து வாழும் குடும்பத்துக்கு இது சிறு வசதியன்று. கடல் கடந்த பிள்ளையின் அழைப்பு எப்போது வரும் என்று தெரியாமல் கைப்பேசியைப் பார்த்திருப்பது எத்தகையது என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். விசாரிப்பதற்கு என்று அழைத்தால் ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது. ஆட்டத்தை இரு பக்கமும் பார்த்துக்கொண்டே பேசினால், இரண்டு மணி நேரத்தின் இடையிடையே சம்பளம், இருமல், வாடகை, பெண் பார்த்த செய்தி எல்லாம் தாமாக வெளிவருகின்றன. என் மனைவிக்குப் பந்தாட்டத்தில் யாதொரு நாட்டமும் கிடையாது. ஆட்ட நாட்களில் மட்டும் என் பக்கத்து நாற்காலியை விட்டு எழமாட்டாள்.

ஆனால் அவளுக்கு ஒரு முறையீடு இருந்தது. “நம்ம வீட்டு நாட்காட்டியிலே முகந்தெரியாத ஆளெல்லாம் எழுதுறாங்க” என்றாள். உண்மைதான். சந்தாவில் வந்த கட்டத்தில் நாம் ஒரு சொல்லையும் திருத்த முடியாது. எழுதும் உரிமை வெளியிட்டவருக்கே. அதனால்தான் யாரிடம் சந்தா சேர்கிறோம் என்பது முதற்கேள்வியாகிறது. போட்டியை நடத்தும் அமைப்போ, அணியோ தரும் இணைப்பு நன்று. கண்ட இடத்தில் ‘சேர்க’ என்று மின்னுவதைத் தொட்டவர்களின் நாட்காட்டியில், பரிசு விழுந்தது, கைப்பேசியில் கிருமி புகுந்தது என்று பொய் அறிவிப்புகள் நாள்தோறும் முளைத்தது உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக அழிப்பது வீண். சந்தாவையே நீக்கினால் அத்தனையும் ஒருங்கே போய்விடும்.

இரண்டாவது, அளவு. என் பேரன் ஆங்கில முதல்நிலைப் போட்டியின் 380 ஆட்டங்களையும் வீட்டார் எல்லாரும் பார்க்கும் பொது நாட்காட்டியில் சேர்த்துவைத்தான். அவ்வாரம் இருந்த மைத்துனர் மகளின் நிக்காஹ் அந்தக் காட்டுக்குள் எங்கோ ஒளிந்துகொண்டது. ஆட்டத்துக்கு ஆட்டம் மணியும் அடித்தது. இப்போது அவனுடைய அணியின் 38 ஆட்டங்கள் மட்டும் உள்ளன, தனி நிறத்தில், மணியோசை இன்றி. உட்கார்ந்து பார்க்கப் போகும் ஆட்டத்துக்கு மட்டுமே இடம் என்று தீர்ப்புச் சொன்னவள் என் மனைவி. 48 அணிகளும் 104 ஆட்டங்களும் கொண்ட 2026 உலகக் கோப்பைக்கும் அதே சட்டந்தான்.

2025 பிப்ரவரியில் மகன் இன்னோர் இணைப்பை அனுப்பினான். தன் பணிமுறை நேரங்களை அவனே ஒரு நாட்காட்டியாக எழுதி, எங்களைச் சந்தா சேரச் சொல்லியிருந்தான். ஆட்டங்கள் பச்சைக் கட்டம். அவன் வேலை சாம்பல் கட்டம். சாம்பியன்ஸ் கோப்பைக் கிரிக்கெட் நடந்த காலம் அது. இறுதி ஆட்டம் லாகூரில். இந்தியா தகுதி பெற்றால் துபாயில் என்பது ஏற்பாடு. மார்ச் 4இல் இந்தியா அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை வென்றது. பச்சைக் கட்டத்தில் லாகூர் அழிந்து துபாய் எழுந்தது. மகன் வாழும் ஊரிலேயே ஆட்டம்! அரங்குக்குப் போவான் என்று நான் குதித்தேன். மனைவி கைப்பேசியை வாங்கிப் பார்த்து, “போகமாட்டான்” என்றாள். மார்ச் 9இல் பச்சையின்மேல் சாம்பல் படிந்திருந்தது, அவ்வூர் நேரம் மாலை 6 மணி வரை.

நோன்புக் காலம். நாங்கள் இங்கே நோன்பு திறந்தபோது ஆட்டத்தில் இடைவேளையை ஒட்டிய நேரம். அவன் ஊரில் சூரியன் மறைய இன்னும் ஒன்றரை மணி இருந்தது. அவன் பணி முடிந்து, அறைக்கு வந்து, நோன்பு திறந்து, எங்களை அழைத்தபோது இந்திய விக்கெட்டுகள் விழத் தொடங்கியிருந்தன. “ஸ்கோர் என்ன?” என்று அவன் கேட்க, “கஞ்சி குடிச்சியா வாப்பா?” என்று இவள் கேட்டாள். நான்கு விக்கெட்டில் இந்தியா வென்றபோது இருவரும் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பச்சைச் சந்தாவை நீக்கினேன். சாம்பல் நிறத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். விடியற்காலைச் சஹருக்கு எழுந்ததும் முதலில் அதைத்தான் திறக்கிறாள். அன்று அவனுக்கு வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போகிறாள்.