புருவக் கோடு

நியூசிலாந்தின் ஏரிகளிலும் சதுப்புகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் சாம்பல் வாத்துக்கு மவோரி மக்கள் இட்ட பெயர் பாரெரா. அறிவியலார் சூட்டிய இலத்தீன் பெயரோ புருவத்தைக் குறிப்பது. பொருத்தமான பெயர்தான். வெளிறிய முகத்தில் கண்ணை ஊடறுக்கும் கருங்கோடு ஒன்று. அதன்மேல் புருவமென வெளிர்பட்டை. அலகடியிலிருந்து கன்னத்தில் ஓடும் மங்கிய கோடு மற்றொன்று. இக்கோடுகளின் தெளிவே அதன் குலமுத்திரை.

1860களில் குடியேறிகள் மல்லார்டு வாத்துகளைக் கொணர்ந்தனர். 1930களில் வட அமெரிக்க வழியினவும் வந்து சேர்ந்தன. சதுப்புகள் மேய்ச்சல் நிலமாகிவந்த நாட்டில் வந்த வாத்து செழித்தது. இருந்த வாத்து ஒடுங்கியது. ஒடுங்கியதோடு நில்லாமல் இரண்டும் இணையவும் தொடங்கின. பிறந்த குஞ்சுகள் கோவேறு கழுதையைப் போல் மலடாயிருந்திருந்தால் கலப்பு ஒரு தலைமுறையோடு நின்றிருக்கும். அவ்வாறு நிகழவில்லை.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைக் கற்பனை செய்தவர்களில் தமிழரும் உண்டு. இங்கோ வாத்தையே வாத்தினின்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. முகத்துக்கு அடுத்துக் காணத்தக்கது சிறகிலுள்ள ஒளிர்பட்டை. பாரெராவுக்கு அது பச்சை. முன்விளிம்பில் அகன்ற வெண்கோடு இராது. மல்லார்டுக்கு அது நீலம்; முன்னும் பின்னும் வெண்கரை கட்டியது போலிருக்கும். பச்சைப் பட்டையின் முன்னே வெண்மை எட்டிப்பார்த்தால் ஐயுற வேண்டும். பாரெராவின் கால் மங்கிய பழுப்புப் பச்சை. அதில் செம்மஞ்சள் கலந்தாலும், முகக்கோடுகள் புள்ளிகளாய்ச் சிதைந்தாலும் ஐயம் வலுக்கும். ஆய்வாளர் ஒவ்வோர் உறுப்புக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டுகின்றனர். ஆசிரியர்க்குப் பழகிய வேலையே!

ஓர் எச்சரிக்கை: இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மல்லார்டு ஆண் தன் பச்சைத் தலையையும் வெண்கழுத்து வளையத்தையும் இழந்து பெட்டையின் பழுப்பு உடை பூணும். அதனைக் கலப்பினமென்று கொள்வது எளிதில் நேரும் பிழை.

இறகும் முழுச் சான்றன்று. 1994இல் வெளிவந்த மரபணு ஆய்வு, கலப்பு இரு திசைகளிலும் பரவலாக நிகழ்ந்திருப்பதைக் காட்டியது. சில தலைமுறை பாரெராவோடே கூடிய வழியில் மல்லார்டின் அடையாளம் தோற்றத்தில் தேய்ந்துவிடும். குருதியில் மட்டும் எஞ்சும்.

மே மாத முதல் சனிக்கிழமை அங்கே வாத்து வேட்டை தொடங்கும். பாரெரா, மல்லார்டு, கலப்பினம் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்தெண்ணுவதே வேட்டை விதிகளின் வழக்கமாயிருந்து வந்துள்ளது. விடியலின் மங்கல் ஒளியில் தலைக்குமேல் பறக்கும் பறவையின் புருவத்தை எவர் காண்பார்?