தண்ணீர் மேல் போட்ட பழி

ராகிக்கூழ் ஊட்டிய ஸ்பூன் பாப்பாவின் கீழ் ஈறில் பட்டு 'டிக்'கென்றது. எட்டாவது மாதம். முதல் பல்!

"பல்லு வந்துடுச்சு!" என்று மாமியார் கைதட்டினார். அவளோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். உதட்டை மெல்ல விலக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அரிசி நுனி அளவுக்குத்தான் எட்டிப் பார்த்தது. ஆனால், நிறம் அரிசி மாதிரி இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்து, டிகாக்‌ஷன் ஊற்றிய கண்ணாடி மாதிரி இருந்தது.

அவளுடைய பற்களும் அதே நிறம்தான்.

அவள் பிறந்தது தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் உள்ள பகுதி. தெருவில் பாதிப் பேருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கும். அதனால் அவளுடைய பல்லை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. "தண்ணி அப்படி" என்று முடித்துவிட்டார்கள். ஆயா கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தாள். பல்தான் தேய்ந்தது, நிறம் போகவில்லை.

பள்ளியில் 'காவிப்பல்' என்று ஒரு பட்டப்பெயர். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் கடைவாய்ப் பற்கள் ஈறு மட்டத்துக்குத் தேய்ந்திருந்தன. அப்பாவுக்கும் அப்படித்தான். நாற்பது வயதிலேயே முறுக்கை டீயில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபோது, "இனிமே பொறக்கிற புள்ளைங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல" என்று ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

கல்யாணமாகி சேலம் வந்த மறு வருடம், ஒரு கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து முகம் வீங்கியது. அதற்கு முன்பு ஒரு கிளினிக்கில் க்ளீனிங், ப்ளீச்சிங் என்று பணம் வாங்கிக்கொண்டார்களே தவிர, பலன் எதுவும் இல்லை. இந்த முறை பார்த்த பல் டாக்டர், வாயைப் பார்த்துவிட்டுக் கேள்விகளாகக் கேட்டார்.

"பால் பல்லு எப்படி இருந்துச்சு?"

"அதுவும் இதே கலர்தான் மேடம்."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி. அவளுக்கு லேசா வெள்ளைத் திட்டு மட்டும்தான்."

"அவங்களும் அதே தண்ணிதானே குடிச்சாங்க?"

இருபது வருடமாக வீட்டில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி! ஃப்ளோரைடு பெரும்பாலும் பால் பற்களை இந்த அளவுக்குப் பாதிக்காது, இப்படி ஈறு வரைக்கும் தேயவும் விடாது என்றார் டாக்டர். எலும்பு அடிக்கடி முறிந்ததுண்டா என்றும் கேட்டார். சிலருக்கு எலும்பு நொறுங்கும் நோயோடு சேர்ந்தும் இது வருமாம். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

எக்ஸ்ரேயில் பற்களின் தலை மணி மாதிரி உருண்டு, கழுத்து குறுகி, வேர் குட்டையாக இருந்தது. நடுவில் நரம்பு இருக்க வேண்டிய அறை அநேகமாக மூடியே போயிருந்தது. நரம்பு வழியே அடைபட்டுவிட்டதால் ரூட் கெனால் செய்வது கஷ்டம். அந்தப் பல்லை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த பற்களுக்கு ஒவ்வொன்றாக கேப் போட்டார்கள்.

நோயின் பெயர் டென்டினோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. பல்லின் வெளியே இருப்பது எனாமல். அதற்குள் இருக்கும் டென்டின்தான் பல்லின் பெரும்பகுதி. நான்காவது குரோமோசோமில் உள்ள டிஎஸ்பிபி என்ற மரபணுவில் ஏற்படும் கோளாறால் அந்த டென்டின் சரியாக உருவாவதில்லை. நல்ல டைல்ஸை உதிரும் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும்? எனாமல் பெயர்ந்து விழ, உள்ளே இருக்கும் மென்மையான பகுதி மளமளவென்று தேய்கிறது. 6,000 முதல் 8,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கின்றன மருத்துவப் புத்தகங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பூவா தலையா போடுவது மாதிரிதான். தங்கைக்குப் பூ விழுந்தது, அவளுக்குத் தலை.

பாப்பாவுக்கும் தலை.

"இரும்பு டானிக் குடுத்தமே, அதனாலயா?" என்றார் மாமியார்.

"இல்லீங்கத்தை. என்கிட்ட இருந்து வந்தது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட இருந்து அவனுக்கு சுகர் வந்துச்சே, அதுக்கு நான் என்ன செய்யட்டும்? ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகணும், அதைச் சொல்லு" என்றார்.

அப்பாவிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. போனில், "தண்ணியால இல்லப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"அப்ப என்னாலயாம்மா?"

"உங்களுக்கு யாரு குடுத்தா? ஆயாவுக்கும் சீக்கிரமே பல்லு போச்சுன்னு நீங்கதானே சொல்வீங்க!" என்றாள். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.

குழந்தைப் பல் மருத்துவர் விஷயத்தை எளிமையாக்கினார். பல்லை வெள்ளையாக்குவது அப்புறம், முதலில் தேயாமல் மூட வேண்டும். கடைவாய்ப் பல் முளைத்ததும், தேய்வதற்கு முன்பே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப் போட வேண்டும். முன்பற்களுக்குப் பல் நிறத்தில் காம்போசிட் பூச்சு. ஆறு வயதில் நிரந்தரக் கடைவாய்ப் பல் வரும்போது அதையும் காலம் கடத்தாமல் மூட வேண்டும். தாடை வளர்ந்து முடிந்த பிறகுதான் நிரந்தர கேப் எல்லாம். அதுவரை சில மாதங்களுக்கு ஒருமுறை செக்கப், மென்மையான பிரஷ். பேஸ்ட்? ஃப்ளோரைடு பேஸ்ட், ஒரு அரிசி அளவு! பிறந்த ஊரில் ஃப்ளோரைடைத் திட்டியே வளர்ந்தவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இப்போது பாப்பாவுக்கு மூன்று வயது. எட்டுக் கடைவாய்ப் பற்களிலும் வெள்ளி மாதிரி கேப் மின்னுகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் 'ஆ'வென்று வாயைத் திறந்து காட்டுகிறாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவிடமும் காட்டினாள்.

"தாத்தா, நீ காட்டு!"

கல்யாண போட்டோவில்கூட உதட்டைத் திறக்காத அந்த மனிதர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பேத்தியிடம் நீட்டினார். அவளுக்குப் பொறாமை தாங்கவில்லை. தன் வெள்ளிப் பல்லைக் கழற்ற முடியுமா என்று அன்று முழுக்க இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.